சின்னப் பெரட்டு

என்னை முதன்முதலில் ‘ஆயா’ என்று கூப்பிட்டவளோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் பெண்டாட்டி. ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரீகளிடம் ஏழாவது வரை படித்தவள். கல்யாணமாகி மாசாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தபோது என் பெட்டியில் இரண்டு ஜோடிச் செருப்பு இருந்தது. டொரத்தி என்று பேர் கொண்ட அப்படிப்பட்டவளை மூக்கு ஒழுகும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆயாவாக்கியது ஜப்பான்காரன்தான். அவன் செய்தவற்றில் இந்த ஒன்றை மட்டும் நான் மன்னித்திருக்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன மறு வாரமே வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகையின் பலகைகளை ஜப்பான் பட்டாளத்துக்காரர்கள் விறகுக்குப் பிரித்துக்கொண்டு போனார்கள். பழைய ஆயா சிங்கப்பூரில் இருந்த மகனிடம் போய்விட்டாள். அதற்கு அடுத்த வருஷம், நாற்பத்து மூன்று வைகாசியில், லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்றே மாதம், திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராஜசேகரன் பதினொரு ஆண்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆட்களோடு ஒரு டிரெசரும் வரவேண்டும் என்று சொன்னதால் என் வீட்டுக்காரர் சந்தனசாமி பன்னிரண்டாவது ஆளாக ஏறினார். போகும்போது, ஆஸ்பத்திரிச் சாவியை என்னிடம் கொடுத்து, “உள்ள ஒண்ணும் இல்ல, ஆனா பூட்டியே வையி” என்றார். அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். இன்னும் கொஞ்சம் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு.

ஆண்கள் போனதும் பொம்பளைகள்தான் ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளியும் ஆமணக்கும் நட்டார்கள். பிள்ளைகளை எங்கே விடுவது? ஒரு நாள் ஆமணக்குக் காட்டு ஓரமாகப் போகும்போது, தனலெட்சுமியின் மகன் மனோகரனை மரத்தில் கட்டிப் போட்டிருப்பதைப் பார்த்தேன். மூன்று வயது. இடுப்பில் சேலைத் துண்டு. கால் முழுக்க எறும்பு. அழுது அழுது ஓய்ந்துபோய் மரத்தில் சாய்ந்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தனலெட்சுமியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவள் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “கட்டலன்னா கிணத்துப் பக்கம் போயிருவான் டிரெசரம்மா. மனசு கேக்கலன்னா நீங்க வச்சிப் பாத்துக்குங்க.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் ஏழு பிள்ளைகள் நின்றன. அந்த வாரத்துக்குள் பன்னிரண்டாகிவிட்டது.

எனக்குப் பிள்ளை கிடையாது. பிள்ளை வளர்ப்பதுபற்றித் தெரிந்ததெல்லாம் கன்னியாஸ்திரீகள் என்னை வளர்த்த முறைதான். வரிசையாக உட்கார வைத்து, கையைக் கட்டச் சொல்லி, ‘அ’னா ‘ஆ’வன்னாவில் ஆரம்பித்தேன். முதல் நாள் ஒன்று உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போனது. இரண்டாம் நாள் நான்கு பிள்ளைகள் தூங்கின. மூன்றாம் நாள் நான் கஞ்சி கிண்டப் போய்த் திரும்புவதற்குள் வரிசை கலைந்து என் வீடே அவர்கள் கைக்குப் போயிருந்தது. காலி மருந்துப் புட்டிகளில் தண்ணீர் ஊற்றி ஊற்றி மாற்றிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளை எடை போடும் பழைய தராசில் ஒருத்தி மண்ணை நிறுத்து அரிசி என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கல்யாணப் பெட்டிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து சிங்கப்பூருக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்கள். மனோகரன் என் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றி, என்னை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு நடந்தான்.

அடிக்கக் கையை ஓங்கினேன். ஆனால் மரத்தில் கட்டிப் போட்டிருந்தவன் முகமும் இந்த முகமும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அன்றோடு ‘அ’னா ‘ஆ’வன்னா நின்றது. அதன்பிறகு என் வீட்டில் ஒரே சட்டம்தான் இருந்தது: அடுப்புப் பக்கம் போகக்கூடாது, மற்றபடி எதை வேண்டுமானாலும் எடுத்து விளையாடலாம். கைக்குழந்தைகளுக்கு உத்திரத்தில் கைலித் தொட்டில்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சிரட்டை. மரவள்ளிக் கஞ்சியும் அதில்தான், மண் சோறும் அதில்தான். கழுவுவது மட்டும் என் வேலை.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி புஷ்பவள்ளி. ஆறு வயது. பேச்சியம்மாளின் மகள், அப்பன் ஐயாசாமி லாரியில் போனவன். அவள்தான் பெரட்டு விளையாட்டைக் கண்டுபிடித்தாள்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பெரட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆட்கள் வரிசையாக நிற்க, கிராணி செக்ரோல் ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் ‘இருக்கேன்யா’ என்று சொன்ன பிறகுதான் தோட்டத்தில் எந்த வேலையும் தொடங்கும். பதில் வராவிட்டால் பெயருக்கு நேரே கோடு. லாரி போன மறுநாளே பெரிய பெரட்டில் அந்தப் பதினொரு பெயரையும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். புஷ்பவள்ளி என் வாசலில் லாரியில் போனவர்களின் பெயரை மட்டும் கூப்பிட்டாள்.

ஓர் ஓலைத் துண்டுதான் செக்ரோல். ஈர்க்குச்சிதான் பென்சில். ராஜசேகரனைப் போலவே அதை நாக்கில் தொட்டுக்கொள்வாள். “சபாபதி!” என்பாள். சபாபதியின் மகன் மனோகரன் நெஞ்சை நிமிர்த்தி, “இருக்கேன்யா!” என்பான். அப்பன் பெயருக்கு அவனவன் பிள்ளைதான் சொல்லவேண்டும்; அடுத்தவன் சொன்னால் செல்லாது. கல்யாணமாகாத ஆட்களைத் தொட்டில் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தாள். அது கத்தினால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தன் அப்பன் பெயரைத் தானே கூப்பிட்டு, குரலைத் தடிப்பாக்கித் தானே பதில் சொல்லிக்கொள்வாள். கடைசியில் என்னைப் பார்த்து, “டிரெசர் சந்தனசாமி!” என்பாள்.

“அவருக்குப் பிள்ளை இல்ல. விட்டுரு” என்றேன் முதல் நாள்.

“அப்ப நீங்க சொல்லுங்க ஆயா. கோடு போட்டுருவேன்.”

கோடு போட்டுவிடுவாளாம். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, “இருக்கேன்யா” என்றேன். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்தது.

பொம்பளைகள் அதற்குச் சின்னப் பெரட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். தனலெட்சுமி தினமும் நிற்பாள். மகன் குரல் வந்ததும் பொட்டைச் சரி செய்துகொண்டு நடப்பாள். அன்றைக்கு அவளுக்கு அது போதும் என்பது அவள் நடையிலேயே தெரியும்.

மூன்று மாதம் என்றது ஒன்பது மாதமானது. மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், நல்ல மழை. பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் பேச்சியம்மாள், அவளைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன். கோணியைப் போர்த்தியிருந்தான். நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திய பிறகுதான் அது கிழவன் இல்லை, ஐயாசாமி என்று தெரிந்தது. போகும்போது முப்பது வயது.

சயாமிலிருந்து ஓடி வந்திருந்தான். பாதி நடை, மீதி சரக்கு ரயிலில் உப்பு மூட்டைகளுக்கு நடுவில். கடைசி மூன்று வாரம் ஒரு மலாய்க்காரர் கம்பத்தில், அவர்கள் கிராமத்தில், தன் வீட்டில் மறைத்து வைத்திருக்கிறார். இடது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே புண், நடுவில் எலும்பு தெரிந்தது. வைத்தியம் பார்க்க டிரெசர் இல்லாத தோட்டத்தில் டிரெசர் பெண்டாட்டியிடம் வந்திருந்தான். சாவியை எடுத்துப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியைத் திறந்தேன். உள்ளே நிஜமாகவே ஒன்றும் இல்லை. ஓர் உப்பு டப்பாவும் ஒரு கரண்டியும் வைத்துக்கொண்டு புண்ணைச் சுத்தம் செய்தேன்.

“பல்லக் கடிச்சிக்கய்யா. அழுகுனத வழிச்சாத்தான் கால் மிஞ்சும்” என்றேன். என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்ட வார்த்தை அது.

வேலை முடிந்ததும் ஐயாசாமி என் முகத்தைப் பார்க்காமல் பெயர்களைச் சொன்னான். ஐந்து பெயர், அதில் ஒருவன் கல்யாணமாகாதவன். சபாபதி இரண்டாவது. எல்லாம் பேதி. நான் ஆறாவதைக் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

“டிரெசரும் போயிட்டாரும்மா. எங்களையெல்லாம் பாத்துட்டுக் கடைசியில அவருக்கே வந்திருச்சி. உங்க சாமிக்குப் பொதைக்கணும்னு எனக்குத் தெரியும். சொல்லிப் பாத்தேன். எல்லாத்தையும் சேத்து வச்சித்தான் எரிச்சாங்க.”

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஐயாசாமி அவள் கையைப் பிடித்து இழுத்தான். “அழாத. அழுதா நான் செத்தேன்” என்றான். பிறகு என்னிடம், “யார்கிட்டயும் சொல்லிராதீங்கம்மா. கும்புடுறேன். சொன்னா அழுவாங்க” என்றான்.

அவன் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் துக்கத்தை மூடி வைக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. சாவு என்று தெரிந்தால் ஒப்பாரி வைக்கவேண்டும், தாலி இறங்கவேண்டும், பொட்டு அழியவேண்டும். அதைச் செய்யாதவளை மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். ஒருத்தி அழுதாலும் போதும், சயாமில் செத்தவன் சேதி இங்கே எப்படி வந்தது, கொண்டுவந்தவன் யார் என்று கேள்வி வரும். அப்புறம் ஜப்பான்காரர்கள் ஐயாசாமியை லயத்துக்கு நடுவில் கட்டிவைத்து அடித்தே கொல்வார்கள். மறைத்தவர்களையும் விடமாட்டார்கள். ஆக, நான்கு பெண்கள் தாங்கள் விதவை என்று தெரியாமலும், நான் தெரிந்தும், பொட்டோடு இருக்கவேண்டும். சரி என்றேன். அவனை ஆஸ்பத்திரியின் உட்கூரைக்குமேல் பலகை போட்டுப் படுக்க வைத்தோம். புண்ணின் நாற்றத்துக்காக வாசலில் நாள் முழுக்கத் தேங்காய் மட்டையைப் புகைய விட்டேன். கொசுவுக்கு என்றேன்.

மறுநாள் காலையில் புஷ்பவள்ளி ஓலைத் துண்டோடு வந்து நின்றாள்.

“சபாபதி!”

“இருக்கேன்யா!” மனோகரன் கத்தினான். வேலிக்கு வெளியே தனலெட்சுமி பொட்டைத் தொட்டுக்கொண்டு நடந்தாள்.

கடைசியில் என்னிடம் வந்தது. பிள்ளைகள் அத்தனையும் என் வாயைப் பார்த்தன. சொன்னேன். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அரிசி இல்லாத அரிசிப் பானைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நின்றேன். சத்தம் வெளியே போகாமல் இருக்க அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை.

என்னால் முடியவில்லை. அதனால்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அடுத்த நாள், “இனிமே பெரட்டு வேணாம். வேற ஏதாவது விளையாடுங்க” என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் வேறு விளையாடினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், தாய்மார்கள் வரும் நேரம். மனோகரன் படிக்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, “ஐயோ போதும், போதும்” என்று அலறிக்கொண்டிருந்தான். புஷ்பவள்ளி ஒரு சிரட்டைத் துண்டால் அவன் காலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“பல்லக் கடிச்சிக்கய்யா” என்றாள். “அழுகுனத வழிச்சாத்தான் கால் மிஞ்சும்.”

என் குரல், என் இழுப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. அம்மாவோடு கஞ்சி கொண்டுவந்தவள், நான் மறுபடி புண்ணை வழித்தபோது கதவு இடுக்கில் நின்று பார்த்திருக்கிறாள். சிரட்டைத் துண்டைப் பிடுங்கக் கை நீட்டினேன். அதற்குள் தனலெட்சுமி வந்துவிட்டாள்.

“அலமாக், ஐயையோ, என்னங்க வெளையாட்டு இது! யாருக்குக் கால் அழுகுச்சி?”

“டிரெசர் வீட்டுல வேற என்ன விளையாடுவாங்க?” என்று சிரித்து வைத்தேன். அவள் நம்பினாள். அன்று நம்பினாள், ஒவ்வொரு நாளும் நம்புவாள் என்று சொல்லமுடியாது. பார்த்ததை எங்கேயாவது இறக்கி வைக்காமல் பிள்ளைகளால் இருக்கமுடியாது. ஒரு வாசலை நான் அடைத்தேன், அவர்கள் இன்னொன்றைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளோடு ஒன்பது மாதம் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் புஷ்பவள்ளியைத் தனியாகக் கூப்பிட்டு, “பெரட்டு எடு” என்றேன்.

“நீங்கதான வேணாம்னீங்க?”

“இப்ப வேணுங்கிறேன்.”

அவள் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்கப்பா பேரக் கூப்புடணுமா ஆயா?”

ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுத்தால், சொல்லிக்கொடுத்தது தெரியும்படிதான் பிள்ளைகள் சொல்லும். “கிராணி நீதான். நீயே பாத்துக்க” என்றேன். ஒரு மனிதனின் உயிரைத் தூக்கி ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தேன் என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். காலை எட்டு மணி இருக்கும். ராஜசேகரன் முன்னால் வந்தார், ஒரு ஜப்பானிய அதிகாரியும் துப்பாக்கியோடு இரண்டு பேரும் பின்னால். சயாமிலிருந்து ஆட்கள் ஓடிவிடுகிறார்கள், தோட்டம் தோட்டமாகத் தேடுகிறோம் என்று ராஜசேகரன் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் உதடு காய்ந்திருந்தது. நல்லவர், கெட்டவர் என்று அவரைப்பற்றி என்னால் ஒன்றும் சொல்லமுடியாது. பயந்த மனிதர். பதினொரு பெயரை எழுதிய கை அவருடையது.

பிள்ளைகள் பெரட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தன. துப்பாக்கியைப் பார்த்ததும் அப்படியே உறைந்துவிட்டன. அதிகாரி ஓலைத் துண்டைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், சிரித்தான். ‘நடத்து’ என்று கையால் காட்டிவிட்டு என் படிக்கட்டில் உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் ஆஸ்பத்திரிச் சுவர். அதற்குள் ஐயாசாமி.

புஷ்பவள்ளி குச்சியை நாக்கில் தொட்டாள்.

“சபாபதி!”

“இருக்கேன்யா.”

ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். செத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தொட்டில் பிள்ளை ஒன்று சரியான நேரத்தில் கத்தியது. ஏழாவது பெயரில் நிறுத்தினாள்.

“ஐயாசாமி!”

பதில் இல்லை. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“ஐயாசாமி!”

“ஏய், நீதான சொல்லணும்!” என்றான் மனோகரன். பக்கத்திலிருந்தவனும், “ஆமா, நீதான் சொல்லுவ!” என்றான். ராஜசேகரன் நிமிர்ந்து பார்த்தார்.

“பெரட்டுல பேசக்கூடாது” என்றாள் புஷ்பவள்ளி, கிராணிக் குரலில். ஓலையில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள். “ஆள் இல்ல. சயாம்ல செத்துட்டான்.”

மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்துத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “டிரெசர் சந்தனசாமி!”

“இருக்கேன்யா” என்றேன். இதுவரை சொன்னதிலேயே சத்தமாகச் சொன்னேன்.

அதிகாரி ராஜசேகரனிடம் ஏதோ கேட்டான். சயாமுக்குப் போன அப்பாக்களின் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று ராஜசேகரன் மலாயில் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தான். ஆஸ்பத்திரிக் கதவைப் பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்தான். “மருந்து இல்லாத ஆஸ்பத்திரி. சாவி டிரெசரோடு சயாமுக்குப் போய்விட்டது” என்றார் ராஜசேகரன். சாவி என் இடுப்பில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர்கள் லயத்துப் பக்கம் போய், வீடு வீடாகக் கிளறிவிட்டு, மத்தியானத்துக்குமுன் போய்விட்டார்கள்.

அன்று தூங்க வைக்கும்போது புஷ்பவள்ளியிடம் மெதுவாகக் கேட்டேன். “ஏண்டி அப்பாவுக்குக் கோடு போட்ட?”

“இருக்கேன்னு சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துரும் ஆயா” என்றாள். பாயில் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். ஐயாசாமியின் கால் தப்பியது, ஆனால் வளைந்துவிட்டது. பேச்சியம்மாள் நாளுக்கொரு தடவை கஞ்சிச் சட்டியோடு வருவாள். என் வாசலில் தினமும் பெரட்டு நடந்தது. விளையாட்டை இன்னொரு தடவை நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. செத்த ஐந்து பேரும் தினமும் பதில் சொன்னார்கள், ஆறாவது ஆளுக்கு நான் சொன்னேன். முதலில் சொல்லி முடித்ததும் பானையைத் தேடிப் போவேன். பிறகு பிறகு, கஞ்சி அடிபிடிக்காமல் பார்த்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன். தனலெட்சுமியின் முகத்தைப் பார்ப்பதுதான் பழகவில்லை. “ரயில் வேலை முடிஞ்சிருச்சாம்லா, டிரெசரம்மா. வந்துருவாங்க” என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொல்வாள். நான் தலையாட்டுவேன்.

நாற்பத்து ஐந்தில் ஜப்பான்காரன் தோற்றான் என்ற சேதி மாசாயிலிருந்து வந்தது. ஒரு வாரம் யாரும் நம்பவில்லை. கடைசிப் பட்டாளத்துக்காரனும் போன பிறகு ஐயாசாமி கம்பு ஊன்றி வெளியே வந்தான். வெயிலில் அவன் கண் கூசியது. அவனைப் பார்த்ததும் லயமே ஓடி வந்தது. என் வீட்டுக்காரர் எங்கே, என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்ட பெண்களுக்கு அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டியது நான்.

ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். மூன்று பேர் கேட்ட இடத்திலேயே விழுந்து அழுதார்கள். தனலெட்சுமி அழவில்லை.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“போன வருசம் மாசியில.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் என்னைப் பார்த்தாள். “அவ்வளவு நாளும் என் பிள்ளைய வச்சிப் பொய் சொல்ல வச்சியா? செத்தவனுக்குத் தினமும் என் பிள்ளை வாயால இருக்கேன்னு சொல்ல வச்சியா? நான் வெளிய நின்னு பல்லக் காட்டிக்கிட்டு கேட்டேனே. நீ உள்ள இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

அதுவரை அவள் என்னை ‘நீ’ என்று சொன்னதில்லை. நான் என்ன காரணம் சொன்னாலும் அது ஐயாசாமியைக் காப்பாற்றிய காரணமாகத்தான் இருக்கும். அவள் கேட்டது அதை இல்லை. மனோகரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பதினைந்து நாள் அவனை அனுப்பவில்லை. காட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். மறுபடியும் மரத்தில் கட்டிவைக்கிறாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வாசலில் மற்றப் பிள்ளைகள் விளையாடின. பெரட்டை மட்டும் எடுக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, புஷ்பவள்ளி தானே விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் காலையில் தனலெட்சுமி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்திலும் ஒன்றுமில்லை. ஒரு கையில் மனோகரன், தோளில் மண்வெட்டி. வேலிக்கு வெளியே நிற்கவில்லை. நேரே வாசலுக்கே வந்தாள்.

“புஷ்பம், பெரட்டு எடு” என்றாள்.

புஷ்பவள்ளி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். அவள் ஒரு ஓலையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் தாமாகவே வரிசையில் நின்றன.

“சபாபதி!”

மனோகரன் வாயைத் திறந்தான். தனலெட்சுமி அவன் தலையில் கை வைத்தாள்.

“இல்ல” என்றாள். அவனைக் குனிந்து பார்த்து, “சொல்லு. அப்பா இல்ல” என்றாள்.

“அப்பா இல்ல” என்றான் மனோகரன்.

புஷ்பவள்ளி கோடு போட்டாள். மற்ற பெயர்களையும் கூப்பிட்டாள். சில பிள்ளைகள் இல்லை என்றன, இன்னும் சேதி வராத அப்பன்களுக்குச் சில பிள்ளைகள் இருக்கேன் என்றன. யார் என்ன சொல்லவேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. “ஐயாசாமி” என்றபோது அவளே சத்தமாக “இருக்கேன்யா” என்று சொல்லிவிட்டு, அன்று என்னிடம் சொன்னபடியே சிரித்துவிட்டாள். உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“டிரெசர் சந்தனசாமி!”

எனக்குத் தெரியும், இன்றைக்கு என்ன சொல்லவேண்டும் என்று. நேற்றிலிருந்து இல்லை, ஒன்றரை வருஷமாகத் தெரியும். சத்தமாகச் சொல்லலாம், கேட்பதற்கு யாரும் வரமாட்டார்கள்.

“இருக்கேன்யா” என்றேன்.

வாய் அதைத்தான் சொன்னது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. புஷ்பவள்ளி குச்சியை ஓலையில் வைத்தபடி நின்றாள், கோடு போடுவதா வேண்டாமா என்று தெரியாமல். நான் மறுபடியும் சொல்லப் பார்த்தேன். இல்லை என்ற வார்த்தை எனக்கு வரவில்லை. ஐநூறு தடவைக்குமேல் பொய் சொல்லிப் பழகிய வாய், ஒரு தடவை உண்மையைச் சொல்லத் தெரியாமல் திறந்தபடி நின்றது. அதிலிருந்து வந்தது சத்தம் மட்டும்தான்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். பானை உள்ளே இருந்தது. அதைத் தேடிப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒப்பாரி வைக்க எனக்குத் தெரியாது, மாதா கோவில் பாட்டு மட்டும்தான் தெரியும். தனலெட்சுமி மண்வெட்டியை வாசலில் போட்டாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஐயா டிரெசரே” என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எனக்காக அவள் ஆரம்பித்தாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.